மன்னார் சாலையில் வாடகை பைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிறது, என்ன பார்க்கலாம்?

கெடிலக்கரையான், திருப்பாதிரிப்புலியூர்

வணக்கம். இலங்கையின் மன்னாரில் ஒரு விடுதியிலிருந்து எழுதுகிறேன். நாளைக் காலை மடு மாதா தேவாலயம், வவுனியா, அங்கிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவு போகத் திட்டம். வண்டி இப்போது இருக்கும் நிலையில் காட்டுப் பாதையில் இறங்க மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி காங்கேசன்துறையில் இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் 125 சிசி பைக் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த வண்டி. ஊர்காவற்துறை, காரைநகர், வடமராட்சியில் மணல்காடு என்று சுற்றியபோது ஒரு தொந்தரவும் இல்லை. மன்னார் போகும் ஏ32 சாலையில் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிய பிறகுதான் ஆரம்பித்தது. 60-ல் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது பெட்ரோல் தீர்ந்த மாதிரி இழுவை குறைகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்னும் மோசம். கடைசியில் அணைந்துவிடுகிறது. நிழலில் நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒரே உதையில் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி அதே.

பூநகரியில் ஒரு மெக்கானிக் பிளக் மாற்றி, ஏர் ஃபில்டரை ஊதிப் போட்டுக் கொடுத்தார். வெள்ளாங்குளம் தாண்டியதும் திரும்ப நின்றது. இந்தச் சாலையில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் புதரும் வயலும். சோழகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. இலுப்பைக்கடவைக்கு முன்னால் நின்றபோது ஒரு வண்டிகூடக் கண்ணில் படவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் கவனித்தேன். ஊருக்குள் 30-ல் ஓட்டினால் நிற்பதே இல்லை. மன்னாரில் டேங்க் முழுக்க நிரப்பிக்கொண்டு திருக்கேதீஸ்வரம் கிளம்பினேன், அப்போது முன்பைவிடச் சீக்கிரமே நின்றது. (சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பாலாவிக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், மனசு லேசானது.)

முதலியார்பேட்டை ரைடர்

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இது பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பக்கத்துக் கோளாறு, சிடிஐ பெட்டி அல்லது அதற்கு சிக்னல் கொடுக்கும் பல்சர் காயில். என் நண்பன் வண்டியிலும் இதேதான். வாடகைக் கடைக்குப் போன் போட்டு வேறு வண்டி கேளுங்கள் ப்ரோ, காட்டில் ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

வில்லியனூர் பட்டறை

காயிலாக இருக்கலாம்தான், ஆனால் தம்பி சொல்லும் அறிகுறி அதோடு ஒத்துப்போகவில்லை. காயில் போனால் ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். இங்கே இழுவை குறைந்து, தயங்கித் தயங்கி அணைகிறது. அது பெட்ரோல் வராததன் அறிகுறி. ஊருக்குள் ஓடுகிறது, நெடுஞ்சாலையில் நிற்கிறது என்பதும் அதையே சொல்கிறது. மெதுவாகப் போகும்போது குடிக்கிற அளவுக்குப் பெட்ரோல் வந்துவிடுகிறது, 60-ல் போதவில்லை.

எனக்குப் பொறி தட்டியது டேங்க் நிரப்பியதும் சீக்கிரம் நின்றது என்ற வரியில். டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு மூடியில் பொடித் துவாரம் ஒன்று இருக்கும். அது அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் நின்று நின்றுதான் ஒழுகும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சரளமாக வரும், அந்தக் கணக்குதான். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்று இருக்கிற இடம் குறைவு, அதனால் அழுத்தம் சீக்கிரம் விழும். காலியாக இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகிறது, வண்டி பிடித்துக்கொள்கிறது. ஆறியதால் ஓடுகிறது என்று நமக்குத் தோன்றும்.

எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பார். இழுவை குறையும்போது சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் கலவையைக் கூட்டும் லீவர்) இழு. ஒரு நொடி தெம்பு வந்தால் பெட்ரோல் பிரச்சினை. நின்றதும் காத்திருக்காதே, உடனே டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடிப் போட்டு உதைத்ததும் பிடித்தால் மூடிதான் குற்றவாளி. சத்தம் இல்லை, உதைத்தாலும் பிடிக்கவில்லை என்றால் கார்ப்பரேட்டர் அடியில் இருக்கும் ட்ரெய்ன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி ஒரு பாட்டிலில் பிடி. பெட்ரோல் சரியாகக் கொட்டினால் காயில் பக்கம் பார்க்கலாம். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயும் ஃபில்டரும். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அது வேறு கதை, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது. சைலன்சர் கொதிக்கும், இதைச் செய்யும்போது ஜாக்கிரதை.

டேங்க் மேல் கவர், பை எதுவும் போட்டிருக்கிறாயா?

கெடிலக்கரையான்

அண்ணே, ரெக்சின் கவர் போட்டுத்தான் கொடுத்தார்கள். மூடிக்கு மேலேயும் ஒரு மடிப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் என் பையைக் கட்டியிருக்கிறேன். காலையில் நீங்கள் சொன்னபடி பார்க்கிறேன்.

நல்லூர் வடக்கு வீதி, யாழ்ப்பாணம்

தம்பி, வில்லியனூர் அண்ணை சொன்னது சரியாய் இருக்கும் போல கிடக்கு. மணல்காட்டுப் பக்கம் போன மோட்டச்சைக்கிளுக்கு மூடியின்ர சாவித் துவாரத்துக்குள்ள மணல் போறது வழமை. மன்னார் ரவுனில ரயர் ஒட்டுற கடையில காத்துக் குழாயால ஊதித் தருவினம். ஏ14 வீதியால போய் மடுச் சந்தியில திரும்பினால் பிறகு தேவாலயம் வரைக்கும் காடுதான். வெயில் ஏற முந்தியே வெளிக்கிடுங்கோ, இருட்டினாப் பிறகு ஓடவே வேண்டாம். வீதியில மாடு படுத்திருக்கும், அந்தக் காட்டில யானையும் உண்டு.

இன்னொண்டு, முக்கியமாய்ச் சொல்ல வேணும். வன்னியில வண்டி நிண்டால் வீதிக் கரையிலேயே நில்லுங்கோ. நிழலுக்கு எண்டு பத்தைக்குள்ள இறங்கக் கூடாது. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்டால் அதுக்கு அங்கால மிதிவெடி இன்னும் எடுத்து முடியேல்லை எண்டு அர்த்தம். முகமாலைப் பக்கம் இப்பவும் வேலை நடக்குது.

கெடிலக்கரையான்

வவுனியா வந்துவிட்டேன், மூடியைச் சரி செய்த பிறகு வழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை!

மன்னார் பாலம் தாண்டி 60-ல் வைத்தேன். இழுவை குறைந்ததும் சோக்கை இழுத்தேன், ஒரு குதி குதித்துவிட்டு அணைந்தது. பையை அவிழ்த்து, கவரை விலக்கி, மூடியைத் திறந்தேன். பக்கத்தில் போன பஸ் சத்தத்தையும் மீறி அந்த உஸ் கேட்டது. மூடியைப் போட்டு உதைத்தேன், உடனே பிடித்தது.

மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால், சாவித் துவாரத்தின் குட்டிக் கதவு பாதி திறந்தபடி இறுகிக் கிடக்கிறது. உள்ளே மாவு மாதிரி மணலும் பழைய கிரீஸும் கலந்து கறுப்பாக இறுகியிருந்தது. கீழ்ப்பக்கம் ரப்பர் வளையத்துக்கு உள்ளே குண்டூசி முனை அளவு ஓட்டை, அதிலும் அதே அடைப்பு. ஒரு சைக்கிள் கடையில் பழைய பிரேக் கேபிளிலிருந்து ஒற்றை இழை பிரித்துக் கொடுத்தார் கடைக்காரர். அந்த இழையை ஓட்டைக்குள் விட்டுக் குத்தி, பெட்ரோலில் அலசி, டேங்க்கைத் துணியால் மூடிவிட்டுத் தள்ளி வைத்துக் காற்றுக் குழாயால் ஊதினார். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று தாராளமாக வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். கடலூர் என்றதும் புயல் அடிக்கிற ஊர்தானே என்று கேட்டு, தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார்.

கவரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். வில்லியனூர் அண்ணனுக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. மடுவில் மரங்களுக்கு அடியில் அத்தனை அமைதி. ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு இந்த இடமெல்லாம் நிரம்பி வழியும் என்றார்கள்.

லாஸ்பேட்டை கவிதா

படிக்கப் படிக்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. என் சொந்த ஸ்கூட்டரைக் கப்பலில் ஏற்ற முடியுமா அண்ணா? லைசென்ஸுக்கு என்ன செய்தீர்கள்?

கெடிலக்கரையான்

அந்தக் கப்பல் ஆட்களுக்கு மட்டும்தான், வண்டி ஏற்ற முடியாதும்மா. மூட்டைக்கும் எடைக் கணக்கு உண்டு, அதனால் ஹெல்மெட்டும் ரெயின்கோட்டும் தவிர அதிகம் தூக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். வடக்கு இலங்கைக்கும் நமக்கும் ஒரே மழைக்காலம்தான், நமக்குப் பெய்யும்போது அங்கேயும் கொட்டும்.

லைசென்ஸுக்கு நம் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது மட்டும் போதாது, இலங்கையில் அதற்கு ஒப்புதலும் வாங்க வேண்டும். நான் ஆவணங்களை முன்கூட்டியே அனுப்பி, வாடகைக் கடை மூலமாக வாங்கினேன். ஒப்புதல் கைக்கு வராமல் வண்டியை எடுக்காதீர்கள், விபத்து என்றால் காப்பீடு நிற்காது. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்த விதத்தில் நமக்குச் சுலபம். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

நல்லூர் வடக்கு வீதி, யாழ்ப்பாணம்

தங்கச்சி, வண்டி எடுக்கேக்க வருமான அனுமதிப்பத்திரமும் (வண்டிக்கு வருசா வருசம் எடுக்கிற வரிப் பத்திரம்) காப்புறுதி அட்டையும் திகதி முடியாமல் இருக்குதோ எண்டு பாருங்கோ. பொலிஸ் மறிச்சால் முதல் கேக்கிறது அதைத்தான். அதிவேகப் பாதையில மோட்டச்சைக்கிள் விடமாட்டினம், அந்தப் பக்கம் திட்டம் போடாதேங்கோ. பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. பூநகரிக்கும் மன்னாருக்கும் இடையில பெற்றோல் செட் அடிக்கடி கிடையாது, அரை டாங்கி எண்டாலே நிரப்பிப் போடுங்கோ.

வில்லியனூர் பட்டறை

கவிதாம்மா, கிளம்புவதற்கு முன் பிளக் ஸ்பேனர், கேபிள் இழை ஒரு முழம், கொஞ்சம் இன்சுலேஷன் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் மேல் வைக்கிற பை வாங்குவதாக இருந்தால், கடையிலேயே வண்டி மேல் வைத்துப் பார்த்து, மூடியை மறைக்காத அளவில் வாங்குங்கள். கெடிலக்கரைத் தம்பி, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கவரைப் பற்றிக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அடுத்து எடுப்பவர் முல்லைத்தீவுப் பாதையில் நிற்க வேண்டாம்.