தட்டைப்பயறில் தண்டழுகல்: தாங்கும் செடியை எப்படிப் பிரித்தெடுப்பது?

புதுக்கோட்டைப் பக்கம் செம்மண் நிலம். மாசிப்பட்டத்தில் போடும் நாட்டுத் தட்டைப்பயறு, பூக்கிற நேரத்தில் வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் வாடிச் சாகிறது. தூரடித் தண்டு சாம்பல் நிறமாகிப் பட்டை நாராக உரிகிறது, உள்ளே மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். மேக்ரோபோமினா பூஞ்சைதான்.

விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்தேன், தொழுவுரத்தோடு மண்ணிலும் இட்டேன். சாவு குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம் பிழைத்த செடிகளில் மட்டும் விதை எடுத்து, ஒரு செடிக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக விதைத்தேன். சில வரிசைகள் நன்றாகவே நின்றன, ஆனால் அடுத்த பட்டத்தில் அதே வரிசை விதையும் சரிந்துவிட்டது. நோய்ப் பூஞ்சை மண்ணில் திட்டுத்திட்டாக இருப்பதால் நோய் படாமல் தப்பியது எது, பட்டும் தாங்கியது எது என்று தெரியவில்லை. இந்த ரகத்தை விட மனமில்லை.

ஆய்வகம் இல்லாமல், தொட்டியில் எல்லாச் செடிக்கும் ஒரே அளவு நோயைக் கொடுத்துச் சோதிக்க என்ன வழி?