இயற்கை ராகிக்குத் தனி விலை: மனுவை எப்படி எழுதுவது?

கேள்வி (பென்னாகரம்)
ஏழு பேர், 16 ஏக்கர், மானாவாரி ராகியும் சாமையும். உரம், மருந்து எதுவும் போடுவதில்லை. ஆனால் அரசு கொள்முதலில் எல்லா ராகிக்கும் ஒரே விலைதான், 2025-26க்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். தனியாக எடை போட்டுக் கூடுதல் விலை தரக் கேட்கப் போகிறோம். கையில் சான்று இல்லை. யாரிடம், எப்படிக் கேட்டால் எடுபடும்?

பதில் (பாலக்கோடு)
சான்று இல்லாமல் போனால், "இது இயற்கை ராகிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்ற முதல் கேள்வியிலேயே மனு நின்றுவிடும். உங்களுக்கு பி.ஜி.எஸ். குழுச் சான்று, அதாவது விவசாயிகளே ஒருவரையொருவர் சரிபார்த்துப் பெறும் இயற்கை விவசாயச் சான்று, போதும். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஐந்து பேர் இருந்தாலே குழு பதியலாம். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் காலத்தில் பசுமைச் சான்று, அது முடிந்தபின் முழுச் சான்று. ஏற்றுமதிக்கு மட்டும் இது செல்லாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகுதான். பழைய யூரியா சாக்கில் ராகியைப் பிடித்தால் அத்தனை உழைப்பும் வீண். புதுக் கோணியே வாங்குங்கள். வாடகைக்கு வரும் கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் முந்தைய நிலத்துத் தானியம் தங்கியிருக்கும். நன்றாகத் தட்டித் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், முதலில் விழும் ராகியைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். பக்கத்தில் தக்காளித் தோட்டம் இருந்தால் மருந்து காற்றில் வரும். அந்த ஓரத்தில் ஆமணக்கோ சோளமோ அடர்த்தியாக விதையுங்கள். உழவு, விதை, இடுபொருள் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

பதில் (தேன்கனிக்கோட்டை)
மனுவில் "ஆதரவு விலையை உயர்த்துக" என்று எழுதாதீர்கள். அதை நிர்ணயிப்பது மத்திய அரசு, இங்கே யாராலும் மாற்ற முடியாது. நெல்லுக்கு ஆதரவு விலைக்கு மேல் மாநில அரசு ஊக்கத்தொகை தருகிறதல்லவா, அதே மாதிரி "சான்று பெற்ற ராகிக்கு ஊக்கத்தொகை" என்று கேளுங்கள். முன்மாதிரி உள்ள கோரிக்கையை ஒதுக்குவது கடினம். 2023 மார்ச்சில் வெளியான தமிழ்நாடு அரசின் அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கையையும், அதே ஆண்டு தர்மபுரி ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கியதையும் குறிப்பிடுங்கள். வாங்குபவர் அரசு, சாப்பிடுபவர் நம் ஊர் மக்கள் என்பது அப்போதுதான் மனுவில் தெரியும்.

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பாதை, மின்சாரம் எல்லாம் சேர்த்தால் மனு நாலு துறைக்குச் சிதறிப் போகும். சர்வே எண், ஏக்கர், எதிர்பார்க்கும் குவிண்டால், ஏழு பேர் கையெழுத்து, இவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ஒப்புகை எண் வாங்காமல் எழுந்து வராதீர்கள். நகலை வேளாண்மை இணை இயக்குநருக்கும் கொடுங்கள். முடிவு சென்னையில்தான் ஆகும், அதனால் வேளாண் பட்ஜெட்டுக்கு முன்பே, ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாகப் பதியவைத்து அந்த நகலையும் இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி (பென்னாகரம்)
நோட்டு இன்றைக்கே தொடங்குகிறோம். "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் பதில் வந்தால்?

பதில் (தேன்கனிக்கோட்டை)
தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்த எண் மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, அதில் எழுதிய குறிப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.