விட்டுப்போன ஒரு புள்ளி: நம் கடைப் பெயரை அடுத்தவர் போட்டபோது

கோலிவாடா மருமகள்:

மும்பை சயான் கோலிவாடாவில் 2016-லிருந்து சாம்பார் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கிறேன். முதலில் எங்கள் கட்டடத்துக்கு மட்டும். அப்புறம் மாட்டுங்கா, செம்பூர் மளிகைக் கடைகளுக்கும் போக ஆரம்பித்தது. எங்கள் பெயரை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

2022-ல் முலுண்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பு மேடையில் எங்கள் பாக்கெட். நம் பொடி இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று சந்தோஷமாக எடுத்துப் பார்த்தேன். பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. அதற்கு மேலே எங்கள் கோலம். அது என் அத்தை வாசலில் போட்ட மாக்கோலம், போனில் படம் எடுத்து லேபிளில் வைத்தது. இடது ஓரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததை அச்சடித்த பிறகுதான் கவனித்தோம், அப்படியே விட்டுவிட்டோம். முலுண்டு பாக்கெட்டிலும் அதே இடத்தில் அந்தப் புள்ளி இல்லை.

பிரித்து முகர்ந்தேன். பெருங்காய வாசனையே இல்லை. ஆறு மாதமாக இரண்டு மூன்று பேர் "இப்போ பொடி முன்ன மாதிரி இல்லையே" என்று சொன்னதும், நான் மிளகாயை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்ததும் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் வாங்கியது என் பொடியே இல்லை.

செம்பூரில் தெரிந்த வக்கீல் அக்கா முதலில் செய்யச் சொன்னது, டிரேட்மார்க், அதாவது வணிகப் பெயர்களையும் சின்னங்களையும் பதிவு செய்யும் அலுவலகத்தின் இணையதளத்தில் தேடுவது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுத்து மாறினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைத் தேட அதில் தனி வழி இருக்கிறது. அப்படித் தேடியதில்தான் கிடைத்தது. மாவு, மசாலா, காபி எல்லாம் அடங்கும் 30-ஆம் வகுப்பில் முந்தின வருஷமே அந்த முலுண்டு பாக்கெட் போட்ட ஆள் விண்ணப்பித்து, விண்ணப்பங்களை அறிவிக்கும் அலுவலக ஜர்னலிலும் வெளியாகியிருந்தது. திங்கட்கிழமைதோறும் அந்த ஜர்னல் வரும். அதில் வந்த நாளிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு மிச்சமிருந்தது 19 நாள்.

அந்தப் 19 நாளில் வீட்டையே புரட்டிப்போட்டோம். அந்த ஆள் தன் படிவத்தில் "இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன்" என்று போட்டிருந்தார். நாங்கள் 2016-லிருந்து விற்கிறோம் என்று காட்டினால் போதும் என்றார் அக்கா. ஆனால் எதை வைத்துக் காட்டுவது? அப்போதெல்லாம் கடைக்காரருக்குத் துண்டுச் சீட்டில்தான் கணக்கு. கடைசியில் அத்தையின் அரிசி டப்பாவுக்குக் கீழே விரித்திருந்த காகிதங்களுக்கு நடுவில் ஸ்டிக்கர் அச்சடித்த பில் கிடைத்தது. 2016 அக்டோபர், 500 ஸ்டிக்கர், எங்கள் பெயரோடு. மஞ்சள் கறை படிந்து ஒரு மூலை கிழிந்திருந்தது. அதோடு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு, வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய படங்கள், மாட்டுங்கா அண்ணாச்சி தன் நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பக்கங்கள். அண்ணாச்சிக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

எதிர்ப்பு மனுவுக்கு அரசுக் கட்டணம் 2,700 ரூபாய். மனு கிடைத்த 2 மாதத்துக்குள் அவர் பதில் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அவர் பதிலே போடவில்லை. பிறகு விசாரித்தால், எங்களுக்குப் பவுச் டிசைன் செய்து கொடுத்த இடத்திலிருந்துதான் கோலம் போயிருக்கிறது. அதனால் கோலத்துக்கும் பதிப்புரிமை (காப்பிரைட்) கேட்டோம். லேபிளில் வரும் ஓவியத்துக்குப் பதிப்புரிமை கேட்டால், இதே மாதிரி டிரேட்மார்க் எதுவும் இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடம் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். இது எங்களுக்கு அதுவரை தெரியாது.

அக்கா இன்னொன்றும் சொன்னார். நான் நெல்லைக்காரி என்பதால் மனதில் அப்படியே நின்றுவிட்டது. இருட்டுக்கடை அல்வா பெயருக்கு நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பும் கையில் பதிவு வைத்திருந்தது. அப்படியிருந்தும், முன்பிருந்தே ஒரு பெயரைப் பயன்படுத்தி வருபவரின் உரிமை பதிவைவிட மேலானது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. அப்படியானால் பதிவு எதற்கு என்று கேட்டேன். "பதிவு இல்லாவிட்டால் உன் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் நீதான் முதலிலிருந்து நிரூபிக்கணும். பதிவு இருந்தால் சான்றிதழைக் காட்டினால் போதும்" என்றார். அன்றைக்கே விண்ணப்பித்தேன். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். தமிழ் எழுத்தில் பெயர் இருப்பதால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம். அலுவலகம் அனுப்பிய பரிசோதனை அறிக்கையில் அந்த ஆளின் விண்ணப்பத்தையே காட்டி ஆட்சேபம் வந்தது. 30 நாளுக்குள் பதில் போட்டோம். 2024-ல் பதிவாகிவிட்டது. 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அந்த டிரேட்மார்க் அலுவலகத்தின் தலைமையிடம் இருப்பதே அண்டாப்ஹில்லில், எங்கள் வீட்டுப் பக்கம். எத்தனையோ வருஷம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

தாராவி 90 அடி ரோடு:

அக்கா, அந்த பில் கதையைப் படித்ததும் எழுந்து போய் என் பழைய ஃபைலைத் தேடினேன்.

எனக்கு நடந்தது வேறு. தாராவியில் தோல் பை, பர்ஸ், பெல்ட் செய்கிறோம், அப்பா காலத்துத் தொழில். ஒரு ஏஜென்ட் 25-ஆம் வகுப்பில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். உடுப்போடு போடுகிற பெல்ட் அதில்தான் வரும், அது சரி. ஆனால் பையும் பர்ஸும் 18-ஆம் வகுப்பு. எங்கள் வியாபாரத்தில் முக்கால்வாசி பைதான். ஒரு வருஷம் கழித்து ஒரு ஏற்றுமதிக்காரர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வேறு வழியில்லை, 18-க்குப் புதிதாகப் பணம் கட்டினேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். விண்ணப்ப எண் வந்த அன்றைக்கே பையில் வட்டத்துக்குள் 'ஆர்', அதாவது பதிவானது என்ற குறி, அடித்துவிட்டேன். பதிவுச் சான்றிதழ் வரும்வரை டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான 'டிஎம்' மட்டும்தான் போடலாம். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டினால் சட்டப்படி அபராதம் உண்டு. 300 பையில் அந்த முத்திரையைப் பிரித்து மறுபடி தைத்தோம். தோலில் விழுந்த ஊசித் துளை மறையாது. அந்தப் பைகளைப் பாதி விலைக்குத்தான் கொடுக்க முடிந்தது.

வகுப்பு எண்ணை ஏஜென்ட் சொன்னார் என்று விடாதீர்கள், நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். மொத்தம் 45 வகுப்புதான்.

டோம்பிவிலி:

நான் கோவில்பட்டியிலிருந்து கடலை மிட்டாய் வரவழைத்து விற்கிறேன். ஊர்ப் பெயரையே பிராண்டாகப் பதியலாம் என்று நினைத்திருந்தேன். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அது அந்த ஊர் உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொது, தனி ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று ஒரு நண்பர் விளக்கினார். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. பாட்டியின் பட்டப்பெயரை வைக்கலாம் என்று இருக்கிறேன். 2020-லிருந்து விற்கிறேன், ஆனால் பாக்கெட்டில் அந்தப் பெயர் போன மாதம்தான் வந்தது. விண்ணப்பத்தில் 'எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்ற இடத்தில் எந்தத் தேதியைப் போடுவது?

கோலிவாடா மருமகள்:

போன மாதத் தேதியைத்தான் போட வேண்டும் தம்பி. நீங்கள் எப்போதிலிருந்து மிட்டாய் விற்கிறீர்கள் என்பது கணக்கில்லை, அந்தப் பெயரில் எப்போதிலிருந்து என்பதுதான் கேள்வி. அதற்குப் பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டும், பில்லோடு ஒத்துப்போகாவிட்டால் பின்னால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். போன மாதம் அச்சடித்த பில்லில் பெயர் எழுதியிருக்கிறதா, வெறும் "ஸ்டிக்கர்" என்று போட்டிருக்கிறதா? வெறும் ஸ்டிக்கர் என்றால் அச்சகத்தில் இன்றைக்கே பேசி, பெயரோடு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

தாராவி தம்பி, அந்த 18-ஆம் வகுப்பு எந்த நிலையில் இருக்கிறது? 'அப்ஜெக்டட்' (ஆட்சேபம் வந்திருக்கிறது) என்று காட்டினால் பயப்படாதீர்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் காட்டியது. அறிக்கை வந்த தேதியை மட்டும் சொல்லுங்கள், 30 நாளை எண்ணிவிடலாம்.