அப்பாவிடம் இல்லாத ஆறு மணி நேரம்

போன மார்கழியில் நடந்தது. அப்பாவுக்கு 63 வயது. விடியலில் கிணற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், "மோட்டாரை நிறுத்தினேனா?" என்று கேட்டார். "நிறுத்திட்டீங்கப்பா" என்றேன். ஒரு நிமிடம் போயிருக்கும். அதே கேள்வி, அதே குரலில். நான்காவது தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் பெயர், அம்மா பெயர், நிலத்தின் சர்வே எண் எல்லாம் சரியாகச் சொன்னார். வாய் குழறவில்லை, கைகால் இழுக்கவில்லை. ஆனால் என்ன கிழமை என்று தெரியவில்லை. முந்தின வாரம் தங்கை வந்து போனதும் தெரியவில்லை. பக்கவாதமோ என்று பயந்து காரில் ஏற்றினோம். வழியெல்லாம் "எங்க போறோம்?" பதில் சொன்னால் தலையாட்டுவார். இரண்டு நிமிடத்தில் அந்தப் பதில் போய்விடும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. 'டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா', அதாவது தற்காலிக முழு மறதி என்றார் நரம்பியல் மருத்துவர். பெரும்பாலும் 50 வயது தாண்டியவர்களுக்கு வருமாம். குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்குவது, கனமானதைத் தூக்குவது, மனம் அதிர்வது, இப்படி ஏதாவது ஒன்று தூண்டிவிடலாம். 24 மணி நேரத்துக்குள் தானாகத் தெளியும். புது நினைவுகளைப் பதியவைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி கொஞ்ச நேரம் ஓய்ந்துபோகிறது. ஏன் ஓய்கிறது என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றார்.

மதியத்துக்கு மேல் கேள்விகள் நின்றன. அந்த ஆறு மணி நேரம் மட்டும் அப்பாவிடம் இன்றுவரை இல்லை. ஊசி போட்டபோது முகம் சுளித்து என் கையை இறுக்கிப் பிடித்தாரே, அந்த வலியை அனுபவித்தது யார்? அப்பா நிச்சயம் அங்கே இருந்தார், நான் பார்த்தேன். இதுபோல் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

* * *

எனக்கே நடந்திருக்கிறது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் முன் மிடாசொலாம் என்ற அரைமயக்க ஊசி போட்டார்கள். டாக்டர் சொன்னபடி திரும்பிப் படுத்தேனாம், "வலிக்குது" என்றும் சொன்னேனாம். எனக்கு ஊசி போட்டது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் வார்டில் காப்பி குடித்தது. தூங்கி எழுந்த மாதிரிகூட இல்லை. நடுவில் நேரமே இல்லை.

* * *

உங்கள் அப்பாவுக்குச் சில மணி நேரம். அமெரிக்காவில் ஹென்றி மொலேசனுக்கு 55 ஆண்டுகள். 1953இல், 27 வயதில், வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை அன்றன்று நடந்தது எதுவும் அவரிடம் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. முன்பு வரைந்த ஞாபகம் மட்டும் அவருக்கு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆச்சிதான் வந்து நின்றாள். பூக்கட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவள். அல்சைமர் முற்றி, பெற்ற மகளையே "நீ யாரு தாயி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அம்மா அவள் மடியில் மல்லிகையைக் கொட்டி, கையில் வாழைநாரைக் கொடுத்தாள். விரல்கள் தாமாக ஓட ஆரம்பித்தன. இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, ஒரு முடிச்சு. ஒரு முழம் சேர்ந்ததும் நிறுத்தினாள். மடியில் கிடந்த சரத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்: "நல்லா நெருக்கமா கட்டியிருக்காளே, யாரு கட்டினது?"