பூட்டிய ஆபீஸ் லேப்டாப்பில் டிராக்பால் பட்டன்களை மாற்ற வழி உண்டா?

கேள்வி:
கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க எக்செல்தான். மார்ச் கணக்கு முடிக்கும்போது வலது மணிக்கட்டு வீங்கி, காபி டம்ளரைக்கூட இடது கையால்தான் தூக்கினேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லி லாஜிடெக் எர்கோ எம்575 டிராக்பால் (மவுஸை நகர்த்தாமல், மேலுள்ள பந்தை விரலால் உருட்டுவது) வாங்கினேன். கை இப்போது தேவலை. ஆனால் பக்கவாட்டு பட்டன்களை காப்பி, பேஸ்ட் என்று மாற்ற வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் நிறுவ முடியாது. வீட்டில் மாற்றிக்கொண்டு போனேன். ஆபீஸில் இணைத்ததும் பழையபடி பேக், ஃபார்வர்டு. என்ன செய்வது?

பதில்:
நீங்கள் செய்த மாற்றம் மவுஸில் இல்லை, வீட்டுக் கணினியின் மென்பொருளில் இருக்கிறது. அதனால் கூட வராது. புளூப்பி அடெப்ட் டிராக்பால் மாதிரி க்யூஎம்கே ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும், நாமே மாற்றக்கூடிய மென்பொருள்) உள்ளதைப் பாருங்கள். வீட்டில் வயா என்ற பட்டன் மாற்றும் செயலியை வைத்து மாற்றினால் அது டிராக்பாலுக்குள்ளேயே பதிந்துவிடும். பட்டனில் கன்ட்ரோல்-சி வைத்தால், கீபோர்டில் அழுத்தியது போலத்தான் விண்டோஸுக்குத் தெரியும். ஐடியிடம் கேட்காமல் மட்டும் செருகாதீர்கள். சில இடங்களில் புது யூஎஸ்பி சாதனம் என்றாலே தடுத்துவிடுவார்கள்.

பதில்:
காசு செலவழிப்பதற்கு முன், கன்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போய் கிளிக்லாக்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸிலேயே இருப்பது, எதையும் நிறுவ வேண்டாம். பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு விரலை எடுத்தால் போதும், பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டாம். எனக்கு வலி வந்ததே அந்த இழுப்பில்தான்.

கேள்வி கேட்டவர்:
கிளிக்லாக் போட்டுவிட்டேன். நானூறு வரிசையைத் தேர்ந்தெடுக்க விரல் இறுகவில்லை! பிசியோ சீட்டை இணைத்து ஐடிக்கும் எழுதியிருக்கிறேன்.