எப்ரோ ஆற்றங்கரை மிராவெட்: மோட்டார் இல்லாத படகும் கோட்டையின் ‘இரத்த முற்றமும்’

துறைவழி கேட்டது:
ஸ்பெயினில் தரகோனா மாகாணத்து மிராவெட் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். எப்ரோவின் வலக்கரையில், பாறைமேல் கோட்டையும் அதன் காலடியில் ஊருமாக இருக்கும் சின்ன ஊர். மூன்று இடங்களில் தடுமாறுகிறேன். அங்கே கார்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் படகுக்கு மோட்டாரும் இல்லை, துடுப்பும் இல்லை என்கிறார்கள். பிறகு எது தள்ளுகிறது? இரண்டாவது, கோட்டையில் ‘இரத்த முற்றம்’ என்ற இடத்தில் தெம்பிளார் என்ற கிறித்தவத் துறவி-வீரர் சபையின் கடைசி வீரர்களின் தலையை வெட்டினார்கள் என்ற கதையை உண்மை என்று எழுதலாமா? மூன்றாவது, அந்த ஊர் மண்கூஜா தண்ணீரை நிஜமாகவே குளிர வைக்குமா?

சுக்கான் எழுதியது:
படகை மட்டும் சொல்கிறேன். லியாகுட் என்ற எப்ரோ ஆற்றுப் படகு வகையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே பலகைத் தளம் அடித்திருக்கிறார்கள். கார் நிற்பது அந்தத் தளத்தில். ஆற்றுக்கு மேலே கரைக்குக் கரை ஒரு இரும்பு வடம். அதில் ஓடும் கப்பி. கப்பியிலிருந்து படகுக்கு ஒரு பிடிகயிறு. தள்ளுவது ஆறுதான்.

பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் அறுந்த பட்டம் காற்றோடு போய்விடும். நூல் பிடித்திருப்பதால்தான் மேலே ஏறுகிறது. இங்கேயும் அதேதான். வடம் இல்லாவிட்டால் படகு ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரான தோர்தோசா பக்கம் மிதந்து போகும். படகு நீரோட்டத்துக்கு நேராக நின்றால் தண்ணீர் இரு பக்கமும் சமமாக வழுக்கிப் போகும், படகு நகராது. சுக்கானைத் திருப்பி அணியத்தை, அதாவது முன்முனையை, அக்கரைப் பக்கம் சாய்த்தால் தண்ணீர் விலாவில் மோதும். அந்த மோதலில் கீழ்நோக்கி இழுக்கும் பங்கை வடம் தாங்கிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் பக்கவாட்டுத் தள்ளல் படகை அக்கரைக்குக் கொண்டுபோகிறது. திரும்பி வர, அணியத்தை மறுபக்கம் சாய்த்தால் போதும்.

சாய்வை அளவுக்கு மீறிக் கூட்டினால் வேகம் கூடாது. வடத்தின் மேல் இழுவைதான் கூடும். கரையோரத்தில் ஓட்டம் மந்தம் என்பதால் நடு ஆற்றில் பிடித்த வேகத்தை வைத்துக்கொண்டே துறையில் ஒதுங்க வேண்டும். சுக்கானைச் சீக்கிரம் நேராக்கினால் கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும், தாமதமானால் துறையில் இடிக்கும். படகோட்டியின் கைத்திறன் தெரிவது அந்தக் கடைசிச் சில மீட்டரில்தான்.

தொல்லை தருவது பெரும்பாலும் ஆற்றின் அளவு. தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஓட்டம் பாதியானால் விசை கால்வாசிதான். மேலே மெக்கினென்சா, ரிபா-ரோஜா, ஃபிளிக்ஸ் அணைகள் எவ்வளவு திறந்துவிடுகின்றனவோ அவ்வளவுதான் இங்கே ஓட்டம். வெள்ளத்தில் மிதந்து வரும் மரம் வடத்தையும் படகையும் உடைக்கும் என்பதால் அப்போதும் ஓட்டுவதில்லை. இன்னொன்று ஆற்றடிக் கொடி. அணைகள் வண்டலையும் வெள்ளத்தையும் தடுத்துவிட்டதால் தண்ணீர் தெளிந்து, அடிவரை வெயில் இறங்கி, நீர்ச்செடி மண்டிக்கிடக்கிறது, சுக்கானில் சுற்றிக்கொள்ளும். அதைப் பிடுங்கி எறியவே அவ்வப்போது அணையிலிருந்து செயற்கை வெள்ளம் விடுகிறார்கள்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:
‘இரத்த முற்றம்’ என்ற பெயர் உண்டு, அதை எழுதுங்கள். தலை வெட்டியதை நடந்த செய்தியாக எழுதாதீர்கள்.

அரகோன் அரசர் 2ஆம் ஜாவ்மே 1307 கடைசியில் தெம்பிளார்களைக் கைதுசெய்ய உத்தரவிட்டார். மிராவெட்டில் இருந்தவர்கள் ராமோன் சா குவார்தியா தலைமையில் கதவடைத்து, ஏறக்குறைய ஓராண்டு முற்றுகையைத் தாங்கி, 1308 டிசம்பரில் சரணடைந்தார்கள். சிறை, விசாரணை எல்லாம் நடந்தது. 1312இல் தரகோனாவில் கூடிய திருச்சபை மன்றம் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்த்து, வாழ்க்கைக்குப் படியும் கொடுத்தது. சா குவார்தியாவே பின்னாளில் ருசியோன் பகுதியில் மாஸ் தேவு என்ற பழைய தெம்பிளார் மடத்தில் படி வாங்கி வாழ்ந்தவர். மிராவெட்டைத் தெம்பிளார்களின் ‘கடைசிக் கோட்டை’ என்றும் போடாதீர்கள்: அவர்களுடைய இன்னொரு கோட்டையான மொன்சோன் 1309 மே வரை தாக்குப்பிடித்தது.

‘தெம்பிளார்கள் கட்டிய கோட்டை’ என்று பலர் எழுதும் வரியும் முழுச் சரியில்லை. பார்சலோனா கோமகன் 4ஆம் ராமோன் பெரெங்கேர் 1153இல் பிடித்து அவர்களிடம் கொடுத்தபோதே அங்கே முஸ்லிம் ஆட்சிக்காலக் கோட்டை நின்றது. அதன்மேல்தான் இப்போது காணும் பெரும் மதில்கள் எழுந்தன. தெம்பிளார்களுக்குப் பிறகு அது ஹாஸ்பிடலர்கள் என்ற இன்னொரு துறவி-வீரர் சபைக்குப் போனது. தயவுசெய்து இதை விடாதீர்கள்: கோட்டை கைமாறிய பிறகும் கீழே ஊரில் பல தலைமுறை முஸ்லிம் குடிகள் உழுது வாழ்ந்தார்கள். பிறகு கட்டாய மதமாற்றம், 1610இல் வெளியேற்றம். கோட்டைச் சுவரைப் படம் பிடிக்கும் கட்டுரைகள் அந்த மக்களை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1938 ஜூலை 25 விடியலில் குடியரசுப் படை எப்ரோவைக் கடந்த துறைகளில் மிராவெட்டும் ஒன்று.

சூளைமண் எழுதியது:
கூஜாவுக்கு அங்கே காந்திர் என்று பெயர். ‘ராவல் டெல்ஸ் கந்தெரேர்ஸ்’ என்று குயவர்களுக்கென்றே ஒரு பகுதி, பழைய ஊரிலிருந்து தள்ளி. காந்திருக்கு மேலே ஒற்றைக் கைப்பிடி, தண்ணீர் ஊற்ற அகன்ற வாய், குடிக்க ஒடுங்கிய மூக்கு. உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கான பாத்திரம்.

குளிர்வது உண்மை. மெருகு பூசாத சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. 1 கிராம் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வேண்டும். அது 1 லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட 0.6 டிகிரி இறக்கப் போதும். 15 கிராம் ஆவியானால் கணக்குப்படி 8, 9 டிகிரி. வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடப்பில் குறையும். காற்று ஈரமாக இருந்தால் பலிக்காது. எப்ரோ பள்ளத்தாக்கில் கோடை வறண்டது, வடமேற்கிலிருந்து ‘மேலிருந்து வரும் காற்று’ என்று ஊரார் சொல்லும் காற்றும் அடிக்கும். அதனால்தான் அங்கே அருமையாக வேலை செய்கிறது.

உள்ளும் புறமும் பளபளவென்று மெருகிட்டது அலங்காரத்துக்குத்தான், குளிராது. புதுக் காந்திரில் முதலில் தண்ணீரோடு கொஞ்சம் சோம்புச் சாராயம் சேர்த்து ஓரிரு நாள் வைத்து ஊற்றிவிடுவது வழக்கம், மண்வாடை போக. நாளாவட்டத்தில் உப்புப் படிந்து நுண்துளை அடைத்துக்கொண்டால் குளிர்ச்சி குறையும். வெளியே கசிகிறதே என்று வார்னிஷ் அடித்தால் அதோடு அதன் வேலை முடிந்தது.

துறைவழி எழுதியது:
மிக்க நன்றி. ‘கடைசிக் கோட்டை’யை அடித்துவிட்டேன், 1610ஐச் சேர்த்துவிட்டேன். சுக்கான் ஐயா, ரயிலில் வருபவர்கள் இந்தப் படகில் ஏற முடியுமா?

சுக்கான் எழுதியது:
முடியும். பார்சலோனாவிலிருந்து வரும் ரயிலுக்கு மோரா ல நோவா நிலையம். அது இடக்கரை. அங்கிருந்து கினெஸ்தார் வழியாகத் துறைக்கு வந்தால் படகு மிராவெட்டில் இறக்கிவிடும். படகு ஓடாத நாளில் மோரா பாலம் ஏறி வலக்கரைச் சாலையில் சுற்றி வர வேண்டும். அதனால் கிளம்புமுன் படகு ஓடுகிறதா என்று ஊராட்சியில் கேட்டுக்கொள்வது நல்லது, முக்கியமாக மழைக்குப் பிறகு.