பெரிய வீடு குழு: எனிஸ் வார இறுதி

*சனிக்கிழமை*

சித்தி (எனிஸ், அயர்லாந்து): காலை வகுப்பு இப்போதுதான் முடிந்தது. பாப்பா விசில் வகுப்பில், நான் செட் நடன வகுப்பில். ஊர் முழுக்க இந்த இரண்டு நாளும் பாட்டும் ஆட்டமும்தான்.

அம்மா: விசிலா? அதற்கு வகுப்பா?

சித்தி: டின் விசில் அக்கா. ஆறு துளை உள்ள தகரக் குழல். நம் புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டில் இல்லை, நேராக வாயில் வைத்து ஊத வேண்டும். அயர்லாந்துப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

பெரியப்பா: நொட்டேஷன் கொடுத்தார்களா?

சித்தி: இல்லை அத்தான். டீச்சர் ஒரு சின்னத் துண்டு ஊதுவார், பிள்ளைகள் அப்படியே திருப்பி ஊத வேண்டும். அப்புறம் அடுத்த துண்டு. வகுப்பு முடிவில் ஃபோனில் பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். காது வழியாக வந்தால்தான் நிற்கும் என்பது இவர்கள் கட்சி.

பெரியப்பா: சரியான கட்சி. குரு பாடக் கேட்டுப் படிக்கிற பாடாந்தரம் வேறு எப்படி வரும்?

சித்தி: 🎤 குரல் பதிவு (0:48)

பெரியப்பா: கேட்டேன். தகிட தகிட என்று ஓடுகிறது. மூன்று மூன்றாக, திஸ்ரம். பாப்பா காலம் தள்ளாமல் ஊதுகிறாள், சபாஷ்.

சித்தி: அதுதான் ஜிக் என்ற நடன மெட்டு, 6/8 தாளம். ரீல் என்ற மெட்டு என்றால் தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக் என்று இன்னொன்று, அது 9/8.

பெரியப்பா: ஒன்பதா! சங்கீர்ணமா?

சித்தி: இல்லை அத்தான், நாலும் ஐந்துமாகப் பிரியாது. மூன்று தகிட. சுழன்று சுழன்று போகும்.

நான்: நம் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் மாதிரி ஏதாவது உண்டா சித்தி?

சித்தி: உண்டு. ‘ரோல்’ என்பார்கள். ஒரு ஸ்வரத்தைப் பிடித்திருக்கும்போதே மேல் விரல் ஒன்றைச் சட்டென்று தூக்கி மூடுவது, உடனே கீழே திறந்திருக்கும் துளையில் இன்னொரு விரலால் ஒரு தட்டு. நாக்கு அசையவே கூடாது, எல்லாம் விரல்தான். பாப்பா இதை மட்டும் ஒரு மணி நேரம் செய்தாள். விரல் நுனியில் துளையின் வட்டம் பதிந்திருக்கிறது. [படம்]

பெரியம்மா: கண்ணே. வலிக்கிறதா என்று கேள்.

சித்தி: கேட்டேன் அக்கா, மத்தியானமும் போக வேண்டும் என்கிறாள்.

அக்கா (டப்ளின்): சித்தி, உங்கள் நடனம்?

சித்தி: அதைச் சொல்லாமல் விடுவேனா! நாலு ஜோடி, சதுரமாக நிற்க வேண்டும். எனிஸ் இருக்கும் கிளேர் கவுண்டிக்காரர்களுக்கு உயிர் கலிடோனியன் செட் என்ற ஆட்டம். ரீலுக்குத் தரையைத் தட்டித் தட்டி ஆடுவார்கள், மரத்தரையே தாளவாத்தியம் ஆகிவிடும். என் எதிர் ஜோடியில் ஒரு பாட்டி, பெரியம்மாவை விட மூத்தவர். காலை உயர்த்தவே இல்லை, ஆனால் ஒவ்வொரு தட்டும் காதில் விழுந்தது.

ஒரு காலத்தில் இதெல்லாம் வீட்டுச் சமையலறையில் ஆடியது. 1935-ல் பொது நடனங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தது. பாதிரிமாரும் போலீசும் அதை வைத்து வீட்டு நடனங்களையும் மிரட்டி நிறுத்தினார்களாம். பல ஊர்களில் ஆட்டமே மறந்துபோனது. 1980-களில்தான் வகுப்பு வைத்து, பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு மீட்டார்கள். அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துச் சுற்றும்போது எனக்கு அதுதான் மனதில் ஓடியது.

பெரியப்பா: தாளவாத்தியம் ஒன்றும் கிடையாதா?

சித்தி: பௌரான் இருக்கிறது. ஆட்டுத்தோல், ஒரே பக்கம், சின்னக் குச்சியால் அடிப்பது. இடது கையை உள்ளே வைத்துத் தோலை அழுத்தி ஸ்ருதியை ஏற்றி இறக்குவார்கள். தோல் இறுகினால் தண்ணீர் தெளிப்பார்கள்.

பெரியப்பா: கஞ்சிராவுக்கு நான் செய்வதேதான்! வாசிப்பவரிடம் என் சார்பில் வணக்கம் சொல்.

பெரியம்மா: சாயங்காலம் பப்பில் கச்சேரி என்று போட்டிருந்தாயே. குழந்தையை அங்கேயா கூட்டிப் போவாய்?

சித்தி: பெற்றோரோடு இரவு 9 வரை இருக்கலாம் அக்கா, சட்டமே இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை 10. மேடையும் மைக்கும் கிடையாது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். அதற்குப் பெயர் செஷன். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததைத் தொடுத்துவிடுவார்கள். தெரியாத பாட்டு வந்தால் குழலை மடியில் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பாப்பாவுக்கு இன்று அந்தப் பாடமும் நடக்கட்டும்.

*ஞாயிற்றுக்கிழமை*

சித்தி: இன்று இலன் பைப்ஸ் கேட்டோம், காற்றுப்பை வைத்த அயர்லாந்துக் குழல். பை இடது கக்கத்தில், துருத்தி வலது முழங்கைக்குக் கீழ். வாயால் ஊதுவதே இல்லை, உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். பாப்பா அசையாமல் கேட்டாள்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைந்துபோன நேரத்தில், 1968-ல் பைப்பர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். 2017-ல் இந்த வாசிப்பு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் தானாக நடக்கவில்லை. சொல்லிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

இங்கிருந்து ஏறக்குறைய 30 கி.மீ.யில் மில்டவுன் மால்பே. வில்லி கிளான்சியின் ஊர். தச்சுத் தொழிலாளி, பெரிய பைப்பர். 1973 ஜனவரியில் இறந்தார், அந்தக் கோடையிலேயே அவர் பெயரில் பள்ளி தொடங்கிவிட்டார்கள். இப்போதும் ஒவ்வொரு ஜூலையும் ஒரு வாரம்.

பெரியப்பா: நம் திருவையாறு மாதிரி.

சித்தி: அதேதான் அத்தான். அங்கே ஆராதனைக்குப் பாட வருகிறோம், இங்கே கற்றுக்கொள்ள வருகிறார்கள். காலையில் வகுப்பு, மாலையில் கச்சேரி, ராத்திரி செஷன். பாப்பா போக வேண்டும் என்கிறாள். எனக்கு அந்த வாரம் ஆஸ்பத்திரியில் டியூட்டி.

பெரியப்பா: கேட்கிற குழந்தையை நிறுத்தாதே அம்மா. யாராவது கூடப் போங்கள்.

அக்கா (டப்ளின்): நான் போகிறேன் சித்தி. லீவு சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த கலிடோனியன் செட் வேண்டும்.

சித்தி: நிஜமாகவா! அப்படியானால் இன்றே இடம் பார். மில்டவுன் சின்ன ஊர், அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம். பக்கத்து ஊர் லஹிஞ்ச் பக்கமும் தேடு.

அக்கா (டப்ளின்): லஹிஞ்சில் ஒரு வீடு இருக்கிறது. நாலு பேர் படுக்கலாம். போடட்டுமா?

பெரியப்பா: போடு. பாதிப் பணம் என்னுடையது.